தலைவரோட பெட்ரூம் நியூஸ் வெடிச்சா எப்படி படிக்கிறது? வாலைப் பிடிங்க

1998 ஜனவரில "கிளிண்டன் லீலை அம்பலம்"னு மூணே வார்த்தைல போஸ்டர் எழுதிக் கொடுத்தது நான்தான். அப்ப ஒரு தமிழ் தினசரில நைட் ஷிப்ட், வெளிநாட்டு பக்கம் என் தலைல. ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஏஜென்சி காப்பி பிரிண்டர்ல கர்கர்னு இறங்கிட்டே இருக்கும், கிழிச்சு கிழிச்சு ஆணில குத்தி வச்சு, டீ வாங்கப் போன பையன் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு அயிட்டமாவது தமிழ்ல எழுதி முடிச்சிடணும். காலைல வீட்டுக்கு போற வழில பாத்தா பெட்டிக்கடை பெட்டிக்கடையா என் மூணு வார்த்தை தொங்குது. பெருமையா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்க அதிபர் கிளிண்டனுக்கும் வெள்ளை மாளிகைல பயிற்சி ஊழியரா இருந்த மோனிகா லெவின்ஸ்கிக்கும் தொடர்புன்னு கிளம்பின விவகாரம் அது. ஆனா அன்னிக்கு என் கைல இருந்த காப்பில அம்பலம் ஆனதுன்னு ஒரு வரி கூட கிடையாது, விசாரிக்கிறாங்கன்னு மட்டும்தான் இருந்துச்சு. ஏழு மாசம் கழிச்சு அந்த மனுஷனே டிவில வந்து ஒத்துக்கிட்டாரு, அதனால என்னை யாரும் கேள்வி கேக்கல. குருட்டாம்போக்குல விட்ட கல்லு, மாங்கா விழுந்துச்சு, அவ்ளோதான்.

அப்புறம் பல வருஷம் டெஸ்க்ல ஓட்டிட்டு இப்ப சும்மா வாசகனா உக்காந்திருக்கேன். எந்த நாடா இருந்தாலும் சரி, ஒரு தலைவரோட சொந்த விவகாரம் வெளிய வந்து மீடியா பூரா ஒரே கூத்தா இருக்கும்போது நான் எப்படி படிக்கிறேன், எதை நம்புறேன், எதுக்கு போனை கவுத்து வைக்கிறேன்னு எழுதுறேன். உதாரணம் எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காதான் வரும், ஏன்னா அந்த கேஸெல்லாம் முடிஞ்சு போச்சு, யார் சொன்னது உண்மை யார் சொன்னது கப்சான்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். நடந்துட்டு இருக்கிற கேஸ வச்சு பாடம் எடுத்தா கமெண்ட்ல கட்சிக்காரங்க வந்து நம்மள உரிச்சிடுவாங்க.

முதல் வேலை, வாக்கியத்தோட கடைசி வார்த்தைய படிங்க. இத நான் விளையாட்டுக்கு சொல்லல. தமிழ்ல வினை கடைசிலதான வரும்? "வெள்ளை மாளிகை பயிற்சி ஊழியருடன் கிளிண்டன் நெருக்கமாக இருந்ததாக கூறப்படுகிறது." இதுல ஏழு வார்த்தை வரைக்கும் வெடிகுண்டு, எட்டாவது வார்த்தைலதான் "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா"ன்னு ஒதுங்கிக்கிறான். இங்கிலீஷ்ல அந்த தயக்கம் பாதி நேரம் முன்னாடியே வந்துடும், படிக்கிறவனுக்கு உஷார் ஆக டைம் கிடைக்கும். நம்மூர்ல தயக்கம் வால்ல தொங்குது. தலைப்பு வைக்கும்போது இடம் பத்தாதுன்னு முதல்ல எதை வெட்டுவோம்? வாலைத்தான். நானே எத்தனை தடவை வெட்டியிருக்கேன், ரெண்டு பத்தி அகலத்துல (டபுள் காலம்னு சொல்வோம்) ரெண்டு வரிதான் கொள்ளும், "கூறப்படுகிறது" மட்டுமே அரை வரிய முழுங்கிடும், போஸ்டர்ல கேக்கவே வேணாம். அப்புறம் ரேடியோல பேப்பர் படிக்கிறவர் தலைப்ப மட்டும் படிப்பாரு, டீக்கடைல அது தீர்ப்பு ஆயிடும்.

ஒவ்வொரு வாலுக்கும் டெஸ்க்ல ஒரு அர்த்தம் இருக்கு, சொல்லிடுறேன். "தெரிவித்தார்"னா பேர் உள்ள ஒருத்தர் வாய்லேருந்து வந்தது, நாளைக்கு அவரை போய் கேக்கலாம். "கூறப்படுகிறது"ன்னா யார் சொன்னான்னு சொல்ல மாட்டோம், இல்ல எங்களுக்கே தெரியாது. "தெரிகிறது"ன்னா நிருபர் யூகிக்கிறாரு. "நம்பத்தகுந்த வட்டாரங்கள்"னு பன்மைல இருக்கும், ஆனா என் அனுபவத்துல அது பெரும்பாலும் போன்ல பேசின ஒரே ஒரு ஆளு. "சமூக வலைதளங்களில் வைரலாகி வருகிறது"ன்னா நாங்க செக் பண்ணல, ஊரே பாக்குது, நாங்களும் போட்டுட்டோம். "பரபரப்பு நிலவுகிறது"ன்னா இன்னிக்கு புதுசா ஒண்ணும் நடக்கல. டிவிக்காரங்களுக்கு வால் கிடையாது, அதுக்கு பதிலா கேள்விக்குறி. "ராஜினாமா செய்கிறாரா அதிபர்?"னு கார்டு போட்டா அவங்ககிட்ட ராஜினாமா பத்தி ஒரு துரும்பும் இல்லன்னு எடுத்துக்கலாம், இருந்தா கேள்விக்குறி போடவே மாட்டாங்க.

வால பாத்தாச்சா, அடுத்து ஒரே கேள்வி. யாரு கண்ணால பாத்தது?

இந்த கேள்விய 1998ல கேட்டிருந்தா அமெரிக்க பேப்பர்காரங்க எத்தனையோ பேர் மானம் தப்பிச்சிருக்கும். ஜனவரி 17 ராத்திரி ட்ரட்ஜ் ரிப்போர்ட்னு ஒரு வெப்சைட்ல, நியூஸ்வீக் பத்திரிகை ஒரு ஸ்டோரிய கடைசி நிமிஷத்துல நிறுத்தி வச்சிருச்சுன்னு வந்துச்சு. 21ந்தேதி வாஷிங்டன் போஸ்ட்ல அதிகாரபூர்வமாவே வந்துருச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் யாருக்கும் தூக்கம் இல்ல. டல்லாஸ் மார்னிங் நியூஸ்னு ஒரு பேப்பர், அதிபரையும் அந்தப் பொண்ணையும் ஏடாகூடமான நிலைமைல ஒரு பாதுகாப்பு அதிகாரியே பாத்துட்டாரு, சாட்சி சொல்லவும் ரெடின்னு தன்னோட வெப்சைட்ல ஏத்துது, மத்த ஊடகம் எல்லாம் அதை அப்படியே தூக்கிட்டு ஓடுது, சில மணி நேரத்துல அதே பேப்பர் "நாங்க சொன்னது தப்பு, எங்களுக்கு சொன்னவரே இல்லைங்கிறாரு"ன்னு வாபஸ் வாங்குது, அடுத்த நாள் கொஞ்சம் மாத்தி திரும்ப போடுது. எங்க டெஸ்க்ல நிலைமை என்னன்னா, முதல் காப்பி வெளியூர் எடிஷனுக்கு போயாச்சு, வாபஸ் காப்பி சிட்டி எடிஷனுக்குத்தான் கிடைச்சுச்சு, ஆக ஒரே பேப்பர்ல வெளியூர்க்காரனுக்கு சாட்சி இருக்கு, டவுன்காரனுக்கு சாட்சி இல்ல. பிப்ரவரி முதல் வாரத்துல வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் இதே மாதிரி வெள்ளை மாளிகை பணியாளர் ஒருத்தர் சொன்ன சாட்சியம்னு, எதிர் தரப்பு பதிலுக்கு கூட காத்திருக்காம நெட்ல ஏத்திட்டு அப்புறம் மாத்துச்சு. வால் ஸ்ட்ரீட் ஜர்னல்! நாங்க எல்லாம் எம்மாத்திரம்.

அமெரிக்க பத்திரிகையாளர்களே ஒரு குழுவா சேர்ந்து அந்த முதல் ஆறு நாள் செய்திய வரி வரியா எண்ணிப் பாத்தாங்க. நூத்துக்கு 41 வரி செய்தியே கிடையாது, நிருபரோட கருத்து, யூகம், அலசல். நீங்களும் எண்ணலாம், கஷ்டமே இல்ல. ஒரு செய்திய எடுத்து, பேரோட யாராவது சொன்ன வரிக்கு ஒரு டிக், பேர் இல்லாத வரிக்கு ஒரு பெருக்கல் குறி, நிருபர் தானா பேசுற வரிக்கு ஒரு முட்டை. பேனா கைல இருக்கும்போது மூளை தானா நிதானத்துக்கு வந்துடும். ஒரு நாள் செஞ்சு பாருங்க, டிக் எத்தனை தேறுதுன்னு.

இதுல ஒரு பொறியும் இருக்கு, அதையும் சொல்லணும். பேர் இல்லாத செய்தின்னா பொய்தான்னு முடிவு கட்டிடாதீங்க. மோனிகாவோட நீல டிரஸ்ல அதிபரோட விந்துக் கறை இருக்குன்னு ஒரு விஷயம் இருக்குல்ல, அது ஜனவரி 23ந்தேதியே ஏபிசி சேனல்ல பேர் சொல்லாத ஒரு ஆளை வச்சு வந்துருச்சு. கொஞ்ச நாள்ல எஃப்பிஐ எடுத்துட்டு போன துணில ஒண்ணும் இல்லன்னு இன்னொரு சேனல் சொல்ல, ஏபிசிய போட்டு எல்லாரும் கிழிச்சாங்க. நானும் ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டேன், 'டிரஸ் கதை புஸ்ஸு'ன்னு. ஜூலை கடைசில அந்தப் பொண்ணே டிரஸ்ஸ எடுத்து விசாரணைக்காரங்ககிட்ட கொடுத்துச்சு, ஆகஸ்ட்ல அதிபர் கைலேருந்து ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, பொருந்திப் போச்சு. கேஸையே முடிச்சது அந்த டிரஸ்தான். அதனால பெருக்கல் குறி போட்ட வரிய குப்பைல போடாதீங்க, ஊறுகாய் மாதிரி ஒரு ஓரமா ஊற வைங்க.

காத்திருக்கிறது எப்படின்னு பாக்கணும்னா 2009 சவுத் கரோலினா. அங்க கவர்னர் மார்க் சான்ஃபோர்டு, அங்கெல்லாம் கவர்னர்தான் நம்ம முதலமைச்சர் மாதிரி, ஜூன் மாசம் ஆறு நாள் ஆளையே காணோம். அப்பலாச்சியன் மலைப் பாதைல நடக்கப் போயிருக்காருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. உள்ளூர் பேப்பர் தி ஸ்டேட், அவங்ககிட்ட கவர்னர் அர்ஜென்டினாவுல ஒரு பெண்ணுக்கு எழுதின ஈமெயில்னு சொல்லி யாரோ பேர் தெரியாதவங்க அனுப்பின பேப்பர் ஏற்கனவே 2008 டிசம்பர்லேருந்து கிடக்கு. நம்மாளா இருந்தா அன்னிக்கே "காதல் கடிதம் சிக்கியது"ன்னு எட்டு காலம். அவங்க உண்மைதானான்னு உறுதி பண்ண முடியலன்னு ஆறு மாசம் போடல. ஜூன் 24 காலைல அந்த பேப்பரோட பெண் நிருபர் ஒருத்தர் அட்லாண்டா ஏர்போர்ட்ல போய் நிக்கிறாங்க, பியூனஸ் ஐரிஸ்லேருந்து வந்த பிளைட்டுல இறங்கி வர்றாரு கவர்னர், கைல பையோட. நேருக்கு நேர். அன்னிக்கு மதியமே அவர் பிரஸ் மீட் வச்சு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு, அடுத்த நாள்தான் ஈமெயில பேப்பர்ல போட்டாங்க. யாரு கண்ணால பாத்ததுன்னு கேட்டா, இங்க பதில் இருக்கு, எந்த ஏர்போர்ட்டு எந்த நாளுன்னு கூட இருக்கு.

மறுப்பு அறிக்கை வரும்போது காலம் பாருங்க, இறந்த காலமா நிகழ் காலமான்னு. இதுல நான் நல்லா ஏமாந்தேன். ஸ்டோரி வெடிச்ச அன்னிக்கே, ஜனவரி 21, கிளிண்டன் ஒரு டிவி பேட்டில தகாத உறவு எதுவும் இல்லன்னு சொன்னாரு. இங்கிலீஷ்ல அவர் சொன்னது நிகழ் காலம், அதாவது இப்ப இல்ல. முன்னாடி இருந்துச்சாங்கிறதுக்கு அதுல பதிலே கிடையாது. அங்க இருந்த நிருபர்கள் அன்னிக்கே பிடிச்சுட்டாங்க, இதென்னய்யா 'இஸ்'னு சொல்றாரு 'வாஸ்'னு ஏன் சொல்லலன்னு. நான் என்ன பண்ணேன், "தகாத உறவு இல்லை: கிளிண்டன் திட்டவட்டம்"னு தலைப்பு வச்சேன். நம்ம 'இல்லை' இருக்கே, அது எந்த காலத்துக்கும் போர்த்திக்கிற போர்வை, நேத்தும் இல்ல இன்னிக்கும் இல்ல எப்பவும் இல்லன்னு படிக்கிறவன் எடுத்துப்பான். மனுஷன் ஜாக்கிரதையா வச்ச ஓட்டைய நான் தமிழ்ல சிமெண்ட் போட்டு அடைச்சுக் கொடுத்துட்டேன், அதுவும் இலவசமா! ஆகஸ்ட்ல விசாரணை ஜூரி முன்னாடி அவரே 'இஸ்'ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்ங்கிறத பொறுத்ததுன்னு சொன்னது செப்டம்பர்ல வெளிய வந்ததும் ஊரே சிரிச்சுச்சு. எனக்கு சிரிப்பு வரல, ஜனவரி தலைப்பு ஞாபகம் வந்துச்சு.

அதனால "திட்டவட்டமாக மறுத்தார்"னு படிச்சா நிருபர் சொல்ற மறுப்ப விட்டுட்டு, மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற அவரோட சொந்த வார்த்தைய தேடுங்க. "என் மீது அவதூறு பரப்புகிறார்கள்" மறுப்பு கிடையாது, புகார். "சட்டப்படி சந்திப்பேன்" மறுப்பு கிடையாது, வாய்தா. "என் குடும்பத்தை இழுக்காதீர்கள்" நியாயமான கோரிக்கை, ஆனா அதுவும் மறுப்பு இல்ல. "அந்த தேதில நான் அந்த ஊர்ல இல்ல, இந்தா டிக்கெட்" அப்படின்னா அது மறுப்பு, செக் பண்ணலாம்.

தேதின்னதும் ஞாபகம் வருது, ஒரு துண்டு சீட்டு எடுத்து தேதி எழுதி வைங்க. ரொம்ப சின்ன வேலை, ஆனா இதுக்கு ஈடா வேற எதுவும் கிடையாது. கேரி ஹார்ட்னு கொலராடோ முன்னாள் செனட்டர் ஒருத்தர், 1988 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சில முன்னணில இருந்தவரு. அவர் கதைய யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வாங்க: "வேணும்னா என் பின்னாடியே வந்து பாருங்கடா"ன்னு பேப்பர்காரங்களுக்கு சவால் விட்டாரு, அவங்களும் போனாங்க, படகுல ஒரு பொண்ணை மடில உக்கார வச்ச போட்டோ கிடைச்சுச்சு, ஆள் அவுட். கேக்க நல்லா இருக்கு, சினிமா திரைக்கதை மாதிரி. சீட்டுல தேதி எழுதுனா எல்லாம் தலைகீழ். மயாமி ஹெரால்டு நிருபர்கள் வாஷிங்டன்ல அவர் வீட்டு வாசல்ல நின்னது 1987 மே 1, வெள்ளிக்கிழமை ராத்திரி. சவால் விட்ட பேட்டி நியூயார்க் டைம்ஸ் வார இதழ்ல வெளிவந்தது மே 3, ஞாயிறு, ஹெரால்டுல ஸ்டோரி வந்ததும் அதே நாள்தான். அதாவது சவால் அச்சாகி வெளிய வர்றதுக்கு முன்னாடியே போய் நின்னுட்டாங்க, போனதுக்கு காரணம் யாரோ பேர் சொல்லாம பண்ண போன் கால். அவர் போட்டில இருந்து விலகினது மே 8. அந்த மடி போட்டோ பத்திரிகைல வந்தது அவர் விலகினதுக்கு அப்புறம்! போட்டோவாலதான் போனாருன்னு இன்னிக்கும் சத்தியம் பண்றவங்க இருக்காங்க. அது போக அந்த வீட்டுக்கு ஒரு பின்வாசல் இருந்துச்சு, அதை ராத்திரி முழுக்க யாரும் பாத்துக்கிட்டே இருக்கல. பொண்ணு எப்ப வந்துச்சு எப்ப போச்சுங்கிற பஞ்சாயத்தே அந்த பின்வாசல்ல வந்துதான் மாட்டுச்சு. (அந்தப் பொண்ணு பேர நான் வேணும்னேதான் எழுதல, காரணம் கீழ வரும்.)

இப்ப முக்கியமான கட்டம். கட்டிலையும் நாற்காலியையும் பிரிச்சு வைங்க. ஒரு பேப்பர்ல நடுவுல கோடு போட்டு இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் நாற்காலி. வந்த ஒவ்வொரு தகவலையும் ஏதாவது ஒரு பக்கம் எழுதுங்க. ரெண்டு வயசுக்கு வந்தவங்க இஷ்டப்பட்டு பழகினது, என்ன கிஃப்ட் கொடுத்தாரு, என்ன கலர் டை, எல்லாம் கட்டில் பக்கம். பதவிய காட்டி வேலை போட்டுக் கொடுத்தது, வேலைல இருக்கிறவங்களை மிரட்டினது, அரசாங்கப் பணம், தேர்தல் பணம், சத்தியப் பிரமாணம் பண்ணிட்டு சொன்ன பொய், ஆபீஸ விட்டு காணாம போனது, இதெல்லாம் நாற்காலி. நமக்கு கணக்கு கேக்க உரிமை இருக்கிறது ரெண்டாவது பக்கத்துலதான்.

சான்ஃபோர்டு யாரைக் காதலிச்சா எனக்கென்ன, ஆனா ஒரு மாநிலத்துக்கு பொறுப்பா இருக்கிறவர் நாட்டை விட்டே போயிட்டாரு, அடுத்து பொறுப்பு எடுக்க வேண்டிய துணை கவர்னருக்கே தெரியாது, அது நாற்காலி. பயணச் செலவு தேர்தல் பணம்னு தோண்டி கடைசில 74,000 டாலர் அபராதம் கட்டினாரு. ஜான் எட்வர்ட்ஸ்னு இன்னொருத்தர், 2008ல அதிபர் வேட்பாளர் ஆகணும்னு ஓடினவரு, அவரோட கள்ள உறவ ஒரு கிசுகிசு பத்திரிகைதான் விடாம எழுதுச்சு, பெரிய பேப்பர் எல்லாம் "சீ, இதெல்லாம் ஒரு செய்தியா"ன்னு மூக்க பொத்திக்கிட்டாங்க. கடைசில பாத்தா கிசுகிசுதான் நிஜம். அதை விட பெருசு, அந்தப் பெண்ணை மறைச்சு வைக்க பணக்கார ஆதரவாளர்கள் கொடுத்த லட்சக்கணக்கான டாலர் தேர்தல் சட்டத்துல வருமா வராதான்னு கோர்ட் வரைக்கும் போச்சு, 2012ல ஒரு குற்றச்சாட்டுல விடுதலை, மத்ததுல ஜூரிக்குள்ள ஒத்த கருத்து வரல. மூக்க பொத்தினவங்க பணத்தையும் சேர்த்து கோட்டை விட்டாங்க. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் என்னன்னா கட்டில் செய்தி வேணாம்னு ஒதுங்குறது கௌரவம்னு நினைச்சா, கட்டிலுக்கு அடியில இருக்கிற பெட்டிய யாரும் பாக்காம போயிடுவாங்க.

கிளிண்டன் கேஸ்ல கோடு எங்க போடுறதுன்னு நான் இன்னிக்கும் குழம்புறேன். அவர் ஆர்கன்சாஸ் கவர்னரா இருந்தப்ப தன்கிட்ட தப்பா நடந்தார்னு பாலா ஜோன்ஸ்னு ஒரு அரசு ஊழியர் 1994லயே கேஸ் போட்டுட்டாங்க, அது சுத்தமா நாற்காலி. அந்த கேஸ்ல சத்தியம் பண்ணி சாட்சி சொல்லும்போதுதான் மோனிகா விஷயத்த மறைச்சாரு, அதுவும் நாற்காலிதான். ஆனா இந்த விவகாரத்த விசாரிச்ச கென்னத் ஸ்டாரோட அறிக்கை 1998 செப்டம்பர் 11 நெட்ல வந்தப்ப, ராத்திரி ஷிப்ட்ல நாங்க நாலு பேர் பிரிண்ட் எடுத்து பிரிச்சு படிச்சோம், பக்கம் பக்கமா எல்லாம் கட்டில். எங்க, எத்தனை தடவை, என்ன பண்ணாங்க. தமிழ்ல எழுதவே முடியாத பாராக்கள், எழுதவும் இல்ல, ஆனா டெஸ்க்ல ஒருத்தரும் வீட்டுக்கு கிளம்பல. டிசம்பர் 19 பிரதிநிதிகள் சபை அவர் மேல குற்றச்சாட்டு தீர்மானம் போட்டுச்சு, பொய் சாட்சி, நீதிய தடுத்தது, ரெண்டே ரெண்டு. பிப்ரவரி 12, 1999 செனட்ல ஓட்டு, முதல் குற்றச்சாட்டுல குற்றவாளின்னு 45, இல்லன்னு 55, ரெண்டாவதுல 50க்கு 50, பதவிய பறிக்க வேண்டியது 67, ஆக தப்பிச்சாரு. இவ்வளவு கூத்துக்கு நடுவுல அமெரிக்க ஜனங்க என்ன நினைச்சாங்கன்னா, அந்த டிசம்பர்ல கேலப் சர்வேல அவருக்கு ஆதரவு 73 சதவீதம். நவம்பர் தேர்தல்ல அவர் கட்சிக்கு அஞ்சு சீட் கூடவே வந்துச்சு. டிவிக்காரங்கள விட ஜனங்க கோட்ட நல்லா போட்டிருக்காங்க போல.

அப்புறம், விவகாரம் யார் பேர்ல ஓடுதுன்னு பாருங்க. மோனிகாவுக்கு அப்ப வயசு 24. அம்பத்தொண்ணுல இருந்தவர், நாட்டுக்கே அதிபர், பேரு "மோனிகா விவகாரம்". என் தலைப்புகளும் அதான், ஏன்னா மூணு எழுத்து, இடம் கம்மி, 'கிளிண்டன்' அஞ்சு எழுத்து. இது சாக்குன்னு எனக்கும் தெரியும். நம்ம பாஷைல இதுக்குன்னே ஒரு டப்பா நிறைய வார்த்தை இருக்கு, லீலை, சல்லாபம், உல்லாசம், கள்ளக்காதல், அழகி. ஒவ்வொண்ணுலயும் தீர்ப்பு உள்ளயே வச்சு தச்சிருக்கு. ஆம்பளைக்கு "சபலம்", கேட்டா காய்ச்சல் மாதிரி, வந்துச்சு போச்சு. பொம்பளைக்கு "அழகி". நான் வாசகரா பண்றது ஒண்ணே ஒண்ணுதான், செய்தில இந்த வார்த்தை வந்தா மனசுக்குள்ள அடிச்சுட்டு "உறவு", "ஊழியர்", "பெண்"ணுன்னு மாத்திப் போட்டு படிப்பேன். பாதி செய்தி காத்து போன பலூன் மாதிரி சுருங்கிடும். மிச்சம் இருக்கிறதுதான் செய்தி. ஹார்ட் கேஸ்ல அந்தப் பொண்ணு பேர எழுதாம விட்டதும் இதுக்குத்தான், எழுதாமலே உங்களுக்கு கதை முழுசா புரிஞ்சுதில்ல?

இன்னொண்ணு, ரெண்டாம் பக்கத்த திருப்புங்க. ஸ்டோரி வெடிச்ச அந்த ஜனவரி 21, போப் ரெண்டாம் ஜான் பால் கியூபாவுல போய் இறங்குறாரு, கம்யூனிஸ்ட் நாட்டுல போப், காஸ்ட்ரோ வரவேற்கிறாரு, பெரிய அமெரிக்க சேனலோட ஸ்டார் ஆங்கர்கள் எல்லாம் அதுக்காக ஹவானாவுல டேரா போட்டிருந்தாங்க. மோனிகான்னதும் பெட்டிய கட்டிட்டு அடுத்த பிளைட்டுல வாஷிங்டன் திரும்பிட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 7 நைரோபி, தார் எஸ் சலாம் ரெண்டு ஊர்லயும் அமெரிக்க தூதரகத்துல குண்டு, 200 பேருக்கு மேல போய் சேர்ந்தாங்க, பெரும்பாலும் ஆப்பிரிக்க ஜனங்க. ஆகஸ்ட் 17 கிளிண்டன் டிவில ஒத்துக்கிறாரு. ஆகஸ்ட் 20, மோனிகா ரெண்டாவது தடவை ஜூரி முன்னாடி சாட்சி சொல்ற அதே நாள், ஆப்கானிஸ்தான்லயும் சூடான்லயும் அமெரிக்க ஏவுகணை விழுது. கார்ட்டூம்ல அடிச்சது ஒரு மருந்து கம்பெனி. ரசாயன ஆயுத சமாச்சாரம் அங்க நடக்குதுன்னு அமெரிக்கா, இல்ல மருந்துதான்னு சூடான். கவனத்த திருப்ப அடிச்சாரா, நிஜமாவே அடிக்க வேண்டியிருந்துச்சான்னு இன்னிக்கும் வாதம் பண்றாங்க. என் டெஸ்க் நிலவரம், அன்னிக்கு லீட், அதாவது முதல் செய்தி, எது வைக்கிறதுன்னு அரை மணி நேரம் சண்டை, மோனிகாதான் ஜெயிச்சா, ஏவுகணை கீழ சிங்கிள் காலம்.

இதுல உச்சம் ஒண்ணு இருக்கு. 1998 கடைசில ஹஸ்லர் பத்திரிகை ஓனர், எம்பிக்களோட கள்ள உறவ நிரூபிச்சா பத்து லட்சம் டாலர் வரைக்கும் தர்றேன்னு விளம்பரமே கொடுத்தாரு. எல்லார் பெட்ஷீட்டையும் உதறிப் பாக்குறாங்க. சபாநாயகரா வர வேண்டிய பாப் லிவிங்ஸ்டன், தனக்கும் இப்படி ஒரு கதை இருக்குன்னு ஒத்துக்கிட்டு, ரெண்டு நாள் கழிச்சு, கிளிண்டன் மேல தீர்மானம் போட்ட அதே டிசம்பர் 19, விலகிட்டாரு. சரி, யாருப்பா சுத்தமான ஆளுன்னு தேடி டென்னிஸ் ஹாஸ்டர்ட்டுனு ஒருத்தரை உக்கார வச்சாங்க, முன்னாள் ஸ்கூல் மல்யுத்த கோச், 2007 வரைக்கும் சபாநாயகர். 2016ல அவருக்கு 15 மாசம் ஜெயில். கோச்சா இருந்த காலத்துல பசங்ககிட்ட பண்ணின பாலியல் கொடுமைய மறைக்க, ஒருத்தருக்கு கொடுக்கிற பணத்தை பேங்க்ல சட்டத்துக்கு மாட்டாம பிரிச்சு பிரிச்சு எடுத்த கேஸ். கொடுமைக்கு கேஸ் போட காலக்கெடு எப்பவோ தாண்டிடுச்சு. நாட்டுல இருக்கிற அத்தனை கேமராவும் ஒரே கட்டிலுக்கு அடில டார்ச் அடிச்சிட்டு இருந்தப்ப, அந்த ஆளு மேடை ஏறி கோட்டு பட்டன் போட்டுட்டு உக்காந்தாரு.

டிவி, போன் விஷயத்துல எனக்கு பெரிய வித்தை எதுவும் தெரியாது. விவாத நிகழ்ச்சிய மியூட்ல போட்டு கீழ ஓடுற எழுத்த மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாப்பேன், மாறலன்னா புதுசா ஒண்ணும் இல்ல. ஆடியோ கிளிப்போ வீடியோவோ வந்தா முழுசா எவ்ளோ நேரம், யாரு எடுத்தது, முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு தெரியற வரைக்கும் யாருக்கும் அனுப்ப மாட்டேன், இப்ப குரலையும் மூஞ்சியையும் கம்ப்யூட்டர்ல செஞ்சுடுறாங்க வேற. திருத்தம் எப்பவும் உள் பக்கத்துல நாலு வரில வரும், அல்லது நெட்ல சத்தமில்லாம தலைப்பு மாறும், அதனால பெரிய செய்தின்னா அன்னிக்கே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குவேன், ஆறு மாசம் கழிச்சு ஒப்பிட்டு பாக்க. ஒரு பழைய டைரில 1998 தலைப்பு எல்லாம் வெட்டி ஒட்டி வச்சிருக்கேன், என் தப்புக்கு பக்கத்துல சிவப்பு பேனால ஒரு கோடு. நிறைய சிவப்பு.

போன வாரம் அக்கா பொண்ணு ராத்திரி பத்தரைக்கு ஃபேமிலி குரூப்ல ஒரு லிங்க் போட்டு, "மாமா இது நிஜமா?"ன்னு கேட்டா. ஒரு தலைவர், ஒரு நடிகை, நடுவுல ஒரு சிவப்பு வட்டம். வழக்கம் போல "யாரு கண்ணால பாத்தாங்களாம்?"னு திருப்பி கேட்டேன். ரெண்டு நிமிஷம் டைப்பிங் டைப்பிங்னு காட்டுச்சு. அப்புறம் வந்துச்சு: "உள்ள போய் பாத்தேன் மாமா, கடைசி வரில 'என நெட்டிசன்கள் கிசுகிசுக்கின்றனர்'னு இருக்கு." நான் கட்டை விரல் போட்டேன். அதுக்குள்ள எங்க பெரியப்பா அதே லிங்க நாலு குரூப்புக்கு அனுப்பிட்டு "இவனுங்க எல்லாம் உருப்படுவானுங்களா"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாரு.